ஏர் ஃப்ரையரில் டோஸ்ட் சாண்ட்விச்: சேலத்துத் தட்டுவடை செட் மசாலாவோடு முழு வழிகாட்டி

ஏர் ஃப்ரையர் வாங்கிய வீட்டில் முதல் வாரமே சாண்ட்விச் போட்டுப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் சரியாக வராது. ஒன்று, மேல் பிரெட் கழன்று ஓரத்தில் கிடக்கும். இல்லையென்றால் வெளியே சிவந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலும் ஏற்காட்டில் அண்ணன் வீட்டிலுமாக ஏழெட்டுப் பேருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறியது இரண்டே விஷயத்தில்தான்: காற்று, ஈரம்.

தோசைக்கல்லில் கரண்டியால் அழுத்துகிறோம். சாண்ட்விச் மேக்கரில் மூடியே அழுத்திவிடும். ஏர் ஃப்ரையரில் அழுத்த ஆளில்லை. மேலே கம்பிச்சுருள் சூடாகிறது, அதன் மேலிருக்கும் விசிறி அந்தச் சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பிரெட்டைப் பிடித்து வைக்கும் வேலையும் உள்ளே இருக்கும் தண்ணீரை முன்கூட்டியே எடுக்கும் வேலையும் நம் பொறுப்பு.

தட்டுவடை செட் என்பது இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய காயும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தின்பண்டம். இங்கே அதை உள்ளே வைத்துச் செய்வதைச் சொல்கிறேன். காரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி என்று ஈரம் சொட்டும் பொருள்கள் ஒரு பக்கம். நொறுக்கிய தட்டுவடை, அதாவது நொறுக்கல் என்ற மொறுமொறுப்பு இன்னொரு பக்கம். இதைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டால் மற்ற சாண்ட்விச்செல்லாம் சுலபம்.

1. முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு சாண்ட்விச்சுக்கான அளவு இது.

சாண்ட்விச் பிரெட் 8 துண்டு. காரட் ஒன்று, பீட்ரூட் பாதி, பெரிய வெங்காயம் சிறியதாக ஒன்று. தட்டுவடை 6. சீஸ் 100 கிராம், அதாவது ஒரு சாண்ட்விச்சுக்கு 25 கிராம். வெண்ணெய் 40 கிராம். பச்சைச் சட்னி 4 டீஸ்பூன், சிவப்புச் சட்னி 2 டீஸ்பூன். உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சை பாதி.

சாமான்களில் முக்கியமானவை நான்கு: சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணி, மரத்தாலான பல்குச்சி 8, மரம் அல்லது சிலிகான் நுனி உள்ள இடுக்கி, ஒரு கம்பித் தட்டு. பல்குச்சியில் கலர் பிளாஸ்டிக் கொண்டை வைத்தது வேண்டாம், சூட்டில் உருகிவிடும். இரும்பு இடுக்கி கூடையின் பூச்சைக் கீறும். துணியும் கம்பித் தட்டும் எதற்கென்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். காய் பிழியும் நேரத்தில் துணி தேடினால் பிரெட் காய்ந்துபோகும்.

2. பிளக்கும் வோல்டேஜும்

பலர் தாண்டிப்போகும் இடம் இது.

வீட்டு ஏர் ஃப்ரையர்கள் பெரும்பாலும் 1200 முதல் 1700 வாட் வரை இழுப்பவை. 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் ஓடும். செல்போன் சார்ஜர் போடுகிற சின்ன பிளக் பாயின்ட் அதற்கானது அல்ல. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஏர் ஃப்ரையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ஒயர் சூடேறும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஏற்காட்டில்தான் கண்ணால் பார்த்தேன். அண்ணி போன் செய்து, "நீ சொன்ன மாதிரியேதான் வச்சேன் கண்ணு, பத்து நிமிஷமாகியும் வெள்ளையாவே இருக்குது" என்றார். அடுத்த வாரம் போனபோது ஸ்டெபிலைசர் முகப்பில் உள்ளே வரும் வோல்டேஜைப் பார்த்தேன், 200 காட்டியது. வோல்டேஜ் 230லிருந்து 200க்கு இறங்கினால் சூடும் அதே விகிதத்தில்தானே குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், அதனால் கிடைப்பது முக்கால் பங்கு சூடுதான். 1400 வாட் மெஷின் 1050 வாட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையர் முகப்பில் 180 டிகிரி என்று எழுதியிருந்தாலும் உள்ளே 180 வந்து சேர நேரமெடுக்கும். இந்த மாதிரி வீட்டில் முன்சூட்டை 3 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம் வையுங்கள். டிகிரியைக் கூட்ட வேண்டியதில்லை. கூட்டினால், கரண்ட் சரியாக வரும் நாளில் அதே அளவில் வைத்துக் கருக்கிவிடுவீர்கள்.

மெஷினின் பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். சூடான காற்று வெளியேறும் வழி அங்கேதான். திரைச்சீலை, பிளாஸ்டிக் டப்பா எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

3. பிரெட்

அன்றைக்கு வந்த பிரெட்டை விட முந்தின நாள் பிரெட் நல்லது. புது பிரெட்டில் ஈரம் அதிகம், மேலே சிவப்பதற்குள் உள்ளே சவசவ என்று அமுங்கிவிடும். புது பிரெட்தான் இருக்கிறதென்றால் துண்டுகளைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஐந்து நிமிடமே அதிகம். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நாளில் வெளியே வைத்தால் பிரெட் இன்னும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அங்கே வெறும் பிரெட்டை ஏர் ஃப்ரையரில் 150 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். அப்போதும் மேலே கம்பி வளையம் மாதிரி ஏதாவது கனம் வேண்டும், இல்லாவிட்டால் பறக்கும்.

பேக்கரியில் மில்க் பிரெட், ஸ்வீட் பிரெட், சாண்ட்விச் பிரெட் என்று மூன்று விதம் கேட்டு வாங்கலாம். சர்க்கரை கூடுதலாக உள்ள பிரெட் சீக்கிரம் சிவக்கும். சீஸ் உருகுவதற்குள் மேலே கருகிவிடும். ஸ்வீட் பிரெட் என்றால் 10 டிகிரி குறைத்து, 170இல் வையுங்கள்.

ஓரத்தை வெட்ட வேண்டாம். ஓரம் இருந்தால்தான் துண்டு விறைப்பாக நிற்கும், பல்குச்சிக்கும் பிடி கிடைக்கும்.

4. காயைத் துருவி, உப்புப் போட்டு, பிழிவது

இந்த ஒரு படிக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள். சாண்ட்விச் தேறுமா தேறாதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

தட்டுவடை செட் கடையில் காரட்டையும் பீட்ரூட்டையும் துருவி அப்படியே வைக்கிறார்கள். அங்கே அது சரி, வைத்த கையோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். இங்கே அந்தத் துருவல் ஏழு நிமிடம் சூட்டில் இருக்கப்போகிறது. காயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பிரெட்டுக்குள் நுழையும். பிரெட்டின் வெளிப்பக்கம் காய்ந்துகொண்டிருக்கும்போதே உட்பக்கம் நனைந்துகொண்டிருக்கும்.

காரட்டையும் பீட்ரூட்டையும் துருவியின் நடுத்தரக் கண்ணில் துருவுங்கள். மிகப் பொடியான கண்ணில் துருவினால் கூழாகும், பெரிய கண்ணில் துருவினால் வேகாமல் பச்சை வாசனை அடிக்கும். வெங்காயத்தைத் துருவவே கூடாது, முழுக்கத் தண்ணீராகிவிடும். நீளவாக்கில் மெல்லியதாக நறுக்குங்கள்.

பீட்ரூட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முதலிலேயே கலந்தால் காரட்டும் வெங்காயமும் ஒரே சிவப்பாகிவிடும். வெட்டும்போது மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிவது தட்டுவடை செட்டின் அழகு. சேலத்துக்காரர்கள் அதை விடமாட்டார்கள்.

இரண்டு கிண்ணத்திலும் உப்பைப் பகிர்ந்து தூவிப் பிசறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். பத்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் சாறு ஓடும். இப்போது துணியில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள். முதலில் ஒழுக்காகக் கொட்டும், அப்புறம் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். துணியைப் பிரித்து, காயைப் புரட்டிவிட்டு, இன்னொரு முறை முறுக்குங்கள். இரண்டாம் முறையும் ஒரு ஸ்பூன் வரும். ஒரு சிட்டிகை காயை எடுத்துக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள். காகிதத்தில் நிறம் மட்டும் ஒட்டினால் போதும், ஈர வட்டம் பரவினால் இன்னும் பிழிய வேண்டும். காரட், வெங்காயத்தை முதலில் பிழியுங்கள், பீட்ரூட் கடைசி. முறை மாறினால் துணியின் சிவப்பு எல்லாவற்றிலும் ஏறும்.

சாற்றைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவில் தண்ணீருக்குப் பதில் ஊற்றிப் பிசையலாம், அதில் உப்பு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எலுமிச்சையை இப்போது பிழியக் கூடாது. கஷ்டப்பட்டு எடுத்த ஈரத்தை நாமே திரும்ப ஊற்றுவது மாதிரி ஆகும். வெந்த பிறகு அதற்கு இடம் இருக்கிறது.

5. சட்னிகளைக் கெட்டியாக்குவது

பச்சைச் சட்னிக்கு மல்லி ஒரு பங்கு, புதினா அரைப் பங்கு, பச்சை மிளகாய், உப்பு. இதோடு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து அரையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும். பொட்டுக்கடலை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சட்னி பிரெட்டில் இறங்காமல் மேலேயே நிற்கும். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி உடனே விழக் கூடாது, அதுதான் பதம்.

சிவப்புச் சட்னிக்கு காய்ந்த மிளகாய், பூண்டு, ஒரு தக்காளி. அரைத்த பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, எண்ணெய் பிரியும்வரை சுண்ட வையுங்கள். பச்சையாக அரைத்த தக்காளிச் சட்னியை அப்படியே வைத்தால் நான்காம் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

சுண்டிய சிவப்புச் சட்னி ஆறியதும் காரட், வெங்காயத்தோடு பிசறிவிடுங்கள். பச்சைச் சட்னி தனியாக இருக்கட்டும்.

6. நொறுக்கல்

தட்டுவடையைப் பொடியாக்க வேண்டாம். கையில் வைத்து ஒருமுறை நெரித்தால் சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாகும். அந்த அளவுதான் கடிக்கும்போது தெரியும்.

தட்டுவடை நமுத்துப் போயிருந்தால் நொறுக்குவதற்கு முன்பே, முழுசாக, 160 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். மேலே கம்பி வளையம் வைக்க மறக்காதீர்கள், தட்டுவடை பிரெட்டை விட லேசு. ஆறியதும் பழைய சத்தம் வந்துவிடும். நொறுக்கிய பிறகு சூடு காட்டினால் துகள் பறந்து மேலே கம்பிச்சுருளில் போய் ஒட்டும், அடுத்த நான்கு நாளைக்குக் கருகல் வாசனைதான். ஏற்காட்டில் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து அரை மணி நேரத்திலேயே தட்டுவடை நமுத்துவிடும் என்பதால் அங்கே இதை நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

7. முன்சூடு

180 டிகிரி, 3 நிமிடம், கூடை காலியாக.

சூடான கூடையில் பிரெட்டை வைத்ததும் அடிப்பக்கம் உடனே காய ஆரம்பிக்கும். குளிர்ந்த கூடையில் வைத்தால் முதல் இரண்டு நிமிடமும் வெண்ணெய் உருகிப் பிரெட்டுக்குள் ஊறுவதிலேயே போய்விடும், அடிப்பக்கம் எண்ணெய்ப் பசையாக இருக்கும்.

இந்த நேரத்தில் பட்டர் பேப்பரை உள்ளே போட்டு வைக்காதீர்கள். மேலே கனம் இல்லாத காகிதம் காற்றில் எழும்பிக் கம்பிச்சுருளில் பட்டால் தீப்பிடிக்கும். உண்மையில் சாண்ட்விச்சுக்குப் பட்டர் பேப்பரே தேவையில்லை. கீழே உள்ள ஓட்டைகள் வழியாகக் காற்று வந்தால்தான் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும்.

முன்சூட்டை ஓடவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், இரண்டும் சேர்ந்து முடியும்.

8. அடுக்கும் வரிசை

இதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு.

முதலில், இரண்டு பிரெட் துண்டின் உட்பக்கத்திலும் வெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஓரம் வரை போக வேண்டும். இது ருசிக்காக அல்ல. கொழுப்புப் படலம் இருந்தால் சட்னியின் ஈரம் பிரெட்டில் இறங்காது.

கீழ்த் துண்டில் பச்சைச் சட்னி ஒரு டீஸ்பூன். ஓரத்தில் அரை விரல் அகலம் விட்டுவிடுங்கள். அந்த வெற்று ஓரத்தில் சுற்றிலும் ஒரு சிட்டிகை சீஸ் துருவல் தூவுங்கள். பின்னால் திருப்பிப் போடும்போது இந்தத் துண்டு மேலே வரும், அப்போது அது கழன்று போகாமல் பிடிப்பது இந்தச் சிட்டிகைதான்.

அதன்மேல் சிவப்புச் சட்னியில் பிசறிய காரட், வெங்காயம், அப்புறம் பீட்ரூட். மொத்தம் ஒரு அடுக்கு, அரை விரல் உயரம். குவித்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குவித்தால் நடுவில் மேடாகி, மேல் துண்டின் நான்கு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று நுழைய வழி கிடைத்துவிடும்.

காய்மேல் சீஸில் பாதி. அதன்மேல் நொறுக்கல். நொறுக்கல்மேல் மீதி சீஸ். இந்த இடத்தில்தான் நான் பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நொறுக்கலைக் காய்மேல் நேராகப் போட்டால் வேகிற நேரத்திலேயே ஊறிவிடும். இரண்டு சீஸ் அடுக்குக்கு நடுவில் போட்டால் உருகிய சீஸ் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும், ஈரம் எட்டாது. கடித்தால் கடக்கென்று கேட்கும்.

சீஸ் மேல்பக்கம் இருப்பதற்கு இன்னொரு காரணம், சூடு மேலிருந்து வருகிறது. முதல் நான்கு நிமிடத்திலேயே சீஸ் உருகி மேல் பிரெட்டைப் பசை மாதிரி ஒட்டிவிடும். சீஸைக் கீழே வைத்தால் கடைசியில்தான் உருகும், அதுவரை மேல் துண்டுக்குப் பிடிப்பே இல்லை.

பிராசஸ்டு சீஸ் என்றால் துருவிப் போடுங்கள். கட்டியாக வெட்டி வைத்தால் நடுவில் உருகாமல் நிற்கும். மொசரெல்லா நன்றாக இழுபடும், ஆனால் அதில் உப்புக் குறைவு. இரண்டும் பாதிப் பாதி கலந்தால் எனக்குப் பிடிக்கும்.

மேல் துண்டை வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக அழுத்துங்கள். கடைசியாக வெளிப்பக்கம் இரண்டிலும் வெண்ணெய், பக்கத்துக்கு அரை டீஸ்பூன். கடையில் ஆவின் வெண்ணெய் வாங்கும்போது உப்புச் சேர்த்ததா, சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு வெண்ணெய் என்றால் காயில் போடும் உப்பைப் பாதியாக்குங்கள்.

வெண்ணெயின் பதமும் ஊருக்கு ஊர் மாறும். சேலத்தில் மே மாதம் வெளியே வைத்தால் நெய் மாதிரி ஓடும், தடவினால் பிரெட் குடித்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தடவுங்கள். ஏற்காட்டில் மார்கழியில் அது கல்லாக இருக்கும், தேய்த்தால் பிரெட் கிழியும். அங்கே காய் துருவியில் துருவி மேலே தூவிவிடுவேன், அதுவே போதும்.

அமுக்கித் தெளிக்கும் கேனில் வரும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அதில் சேர்க்கும் பொருள்கள் கூடையின் பூச்சில் பிசின் மாதிரி படிந்து, தேய்த்தாலும் போகாது.

9. பல்குச்சி குத்துவது

எங்கள் தெருவில் ஒரு பெண் முதல்முறை போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது நிமிடம் உள்ளே படபடவென்று சத்தம். திறந்து பார்த்தால் மேல் பிரெட் எழும்பி, மேலே சுருளை மூடியிருக்கும் வலையில் ஒட்டிக்கொண்டு ஓரம் கருகியிருந்தது. கீழே சீஸ் திறந்தபடி கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள். மெஷினில் கோளாறில்லை. பல்குச்சி குத்த மறந்துவிட்டோம்.

ஒரு சாண்ட்விச்சுக்கு இரண்டு குச்சி, எதிரெதிர் மூலையில், ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே. நேராகக் குத்தாமல் சாய்வாகக் குத்துங்கள், நேர்க்குச்சி காற்றின் அதிர்வில் நழுவும். கீழ் பிரெட் வரை போக வேண்டும், மேலே அரை விரலுக்கு மேல் நீட்டக் கூடாது. சீஸ் உருகியதும் எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். திருப்பிய பிறகு மேலே வரும் துண்டைப் பிடிப்பது சட்னியும் அந்தச் சிட்டிகைச் சீஸும்தான், கடைசி வரை குச்சி இருக்கட்டும்.

எத்தனை குத்தினோம் என்று எண்ணி வையுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

10. வேக வைப்பது

180 டிகிரி. முதல் பக்கம் 4 நிமிடம், திருப்பி 3 நிமிடம்.

4 லிட்டர் கூடையில் ஒரு நேரத்துக்கு இரண்டு சாண்ட்விச். ஒன்றோடொன்று ஒட்டாமல், சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் ஒட்டிய பக்கம் வெள்ளையாகவே நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது நிமிடம் திறந்ததும் மேல்பக்கம் இளம் பொன்னிறமாக இருக்க வேண்டும். அடியில் இடுக்கியை முழுதாகக் கொடுத்து, மேலே இன்னொரு கரண்டியால் தாங்கிக்கொண்டு திருப்புங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பிரெட் மடங்கி உள்ளே இருப்பதெல்லாம் சரியும்.

திருப்பாமலே செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கீழ்ப்பக்கம் சூடாகும், சிவக்காது. காய் கீழே இருப்பதால் அந்தப் பக்கம்தான் ஈரம் அதிகம், அதற்குத்தான் காற்று தேவை.

இரண்டாவது ஜோடிக்கு நேரம் குறையும். மெஷின் நன்றாகச் சூடேறியிருக்கும், முதல் பக்கம் மூன்றரை நிமிடத்தில் பாருங்கள். நான்கையும் ஒரேயடியாக அடுக்கி வைக்காதீர்கள். முதல் ஜோடி உள்ளே போன பிறகு அடுத்த ஜோடியை அடுக்கினால் சரியாக இருக்கும். அடுக்கி வைத்துக் காத்திருக்கும் சாண்ட்விச் ஊறும்.

பாதியில் கரண்ட் போனால் உள்ளேயே விட்டுவிடாதீர்கள். விசிறி நின்றதும் அது மூடிய பாத்திரம் மாதிரிதான், ஆவி முழுக்கப் பிரெட்டில் இறங்கும். எடுத்துத் தோசைக்கல்லில் சிறு தீயில் முடித்துவிடுங்கள். மலையில் காற்றும் மழையுமான நாள்களில் நான் அடுப்பில் கல்லைத் தயாராகவே வைத்திருப்பேன்.

11. எடுத்த பிறகு

கம்பித் தட்டில் வையுங்கள். சில்வர் தட்டில் வைத்தால் அடியில் வியர்த்து, ஒரே நிமிடத்தில் அந்தப் பக்கம் மெத்தென்று ஆகிவிடும். ஏழு நிமிட வேலை அந்த ஒரு நிமிடத்தில் போவதைப் பார்த்திருக்கிறேன். கம்பித் தட்டு இல்லையென்றால் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து வைக்கலாம்.

இரண்டு நிமிடம் பொறுங்கள். சீஸ் கொஞ்சம் இறுகினால்தான் வெட்டும்போது காய் வெளியே தள்ளாது. குச்சியைச் சுழற்றி எடுத்துவிட்டு, ரம்பப் பல் உள்ள கத்தியால் அழுத்தாமல் அறுங்கள்.

இப்போது அந்த எலுமிச்சை. வெட்டிய முகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். வதக்கிய பூண்டுச் சட்னியின் காரத்தோடு சேரும்போது தட்டுவடை செட் கடைக்கு முன்னால் நிற்கிற வாசனை வரும்.

12. உருளைக்கிழங்கு மசாலா வைப்பதென்றால்

கிழங்கை வெட்டாமல், தோலோடு வேக வையுங்கள். வெட்டி வேக வைத்தால் தண்ணீர் குடிக்கும். வெந்ததும் உரித்து, உதிர்த்துத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். சூடாகவே மசித்துப் பிரெட்டில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஆவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஏற்காட்டில் கிழங்கு வேக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று கீழேயிருந்து போகிறவர்கள் கேட்பார்கள். ஊர் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைவதால், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. குக்கரில் வைத்து, சேலத்தில் வைப்பதை விட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். ஏர் ஃப்ரையரின் நேரத்தை உயரத்துக்காக மாற்ற நான் தேவை கண்டதில்லை. அங்கே நேரம் கூடுவது பெரும்பாலும் வோல்டேஜால்தான்.

மசாலா வைத்தால் நொறுக்கலும் சீஸும் அதே வரிசையில் வரட்டும், காய்க்குப் பதில் கிழங்கு. கிழங்கு சாண்ட்விச் கனமானது, நடுவில் சூடு ஏற நேரமாகும். 170 டிகிரியில் முதல் பக்கம் 5, திருப்பி 4 நிமிடம்.

மாம்பழக் காலத்தில் குழந்தைகள் மல்கோவாவை உள்ளே வைக்கச் சொல்வார்கள். வேக வைக்காதீர்கள், சாறு ஒழுகிக் கூடையில் பாகாகக் கருகும். வெறும் பிரெட்டில் சீஸ் மட்டும் வைத்து டோஸ்ட் செய்து, ஒரு பக்கம் திறந்து, மெல்லிய மாம்பழத் துண்டைச் செருகிக் கொடுங்கள்.

13. சரியாக வராதபோது எங்கே பார்ப்பது

வெளியே கருகி, உள்ளே சீஸ் உருகவில்லை: சூடு அதிகம், அல்லது ஸ்வீட் பிரெட். 170க்கு இறக்கி ஒரு நிமிடம் கூட்டுங்கள். சீஸ் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருந்தாலும் இப்படி ஆகும்.

வெளுத்து, வறண்டு, ரஸ்க் மாதிரி: வெளிப்பக்கம் வெண்ணெய் தடவவில்லை. கொழுப்பு இல்லாத பிரெட் இந்தக் காற்றில் சிவக்கும் முன்பே காய்ந்துவிடும்.

அங்கங்கே திட்டுத் திட்டாகச் சிவப்பு: வெண்ணெய் சமமாகப் படவில்லை.

அடிப்பக்கம் மட்டும் சொதசொத: முன்சூடு இல்லை, அல்லது காய் பிழிந்தது போதவில்லை, அல்லது சில்வர் தட்டு. இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

வெள்ளைப் புகை: முந்தின முறை ஒழுகிய வெண்ணெய் கூடைக்குக் கீழே நிற்கிறது. நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

14. கூடையைக் கழுவுவது

சூடான கூடையில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பூச்சு வெடிக்கும். கை பொறுக்கும் அளவு ஆறியதும் வெந்நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஒட்டிய சீஸ் தானாக உரியும். ஸ்டீல் நார் கூடாது, மெல்லிய ஸ்பாஞ்ச் போதும். ஓட்டைகளில் மாட்டிய சீஸைப் பல்குச்சியாலேயே தள்ளிவிடலாம்.

மேலே கம்பிச்சுருள் பக்கம் ஏதாவது துகள் ஒட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறியபின், மெஷினைச் சாய்த்து, உலர்ந்த பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள். அங்கே தண்ணீர் படக் கூடாது. கூடையைத் துடைத்து, மாட்டி, 150 டிகிரியில் இரண்டு நிமிடம் காலியாக ஓடவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும், அடுத்த முறை திறக்கும்போது பழைய வாசனை இருக்காது.